வலப் பத்தியில் ஐந்து சொற்கள்

போன திங்கட்கிழமை ராபர்ட்சன்பேட்டையில் என் வீட்டுக்கு ஒரு காகிதச் சுருள் வந்தது. நான் முன்பு வேலை பார்த்த சுரங்க அலுவலகத்தின் எழுத்தர் கொண்டுவந்தார். முப்பது வயதிருக்கும், என் நாற்காலியில் இப்போது அவர்தான் உட்காருகிறார். விபத்து வாக்குமூலங்களுக்குப் புதிதாகப் படிவம் அச்சடிக்கப் போகிறார்களாம். தமிழ்ப் பகுதியின் அச்சு ப்ரூஃபை நான் ஒருமுறை பார்த்துத் தர வேண்டுமாம்.

“கண்ணு சரியில்லன்னுதானே வேலய விட்டேன்,” என்றேன்.

“பெரிய எழுத்துங்க அய்யா. ஒரே பக்கம். உங்களுக்கு இன்னா, பத்து நிமிசம்.”

சுருளை விரித்தேன். இறந்தவர் பெயர், எந்த ஷாஃப்ட், அதில் எந்த லெவல், சாட்சியின் பெயர் என்று வரிகள் ஒழுங்காக இறங்கின. கடைசி வரி இப்படி இருந்தது: ‘செயல் எவ்விதம் செய்யப்பட்டது: தெரிந்தே / கவனமின்றி / அவசரமாக / தற்செயலாக. பொருந்தாதவற்றை அடித்துவிடவும்.’

“இது ரொம்ப சௌகரியங்க. கேக்க வேணாம், எழுத வேணாம். மூணு கோடு கிழிச்சா ஒரு ஆள் முடிஞ்சுது,” என்றார் அவர்.

அந்த வரியை மூன்று தடவை படித்தேன். முதுமை என்று அவர் நினைத்திருப்பார். எனக்கு இன்னும் அறுபது ஆகவில்லை. ப்ரூஃபை வைத்துவிட்டுப் போகச் சொன்னேன். பத்து நிமிடம் என்று அவர் சொன்னது ஆறு நாளாகிவிட்டது. ஏன் என்பதை அவருக்கு எழுதிக் காட்டுவது சுலபம் என்று தோன்றியதால் இதை எழுதுகிறேன்.

நான் தங்கவயலுக்கு வந்தது ரயில் ஊரிகம் வரைக்கும் வந்த புதிதில். அதற்கு முன் எட்டு வருடம் மதராஸில் ஒரு பத்திரிகை அச்சுக்கூடத்தில் ப்ரூஃப் பார்த்தேன். அங்கே கற்றதில் இரண்டு என் உடம்போடு ஒட்டிக்கொண்டன. ஒன்று, எந்தச் சொல்லையும் எழுத்தெழுத்தாகப் பார்ப்பது. மற்றொன்று, வெள்ளை இடத்தைக் கண்டால் பதறுவது. பத்தியில் நாலு வரிக்கு வெள்ளை விழுந்தால் ஃபோர்மேன் அச்சை நிறுத்திவிட்டுக் கத்துவார். அதற்காகவே அச்செழுத்துக் கோத்த சில வரிகளைத் தயாராக வைத்திருப்போம். மழைச் செய்தி, மருந்து விளம்பரம், ஏதோ ஒன்று. இப்போதைக்கு அதைச் செருகு, காலைப் பதிப்பில் மாற்றிக்கொள்ளலாம். இதுதான் எங்கள் வேதம்.

சுரங்க அலுவலகத்தில் என் மேலதிகாரி அருளப்பர். தலைமை மொழிபெயர்ப்பாளர். ஆர்க்காட்டுப் பக்கத்துக் கத்தோலிக்கர், மெலிந்தவர், குரல் உயராதவர். அவர் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. அதனாலேயே அவரிடம் எல்லோருக்கும் பயம். தவறு செய்தவர் எதிரில் நின்றால் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைப்பார். துடைத்து முடிக்கும் வரை பேசமாட்டார். அந்த நேரத்துக்குள் தவறு செய்தவரே எல்லாவற்றையும் சொல்லிவிடுவார்.

விபத்து நடந்தால் கீழே இருந்தவர்களின் வாக்குமூலத்தைத் தமிழில் எடுப்பது என் வேலை. அதை ஆங்கிலமாக்கிச் சுரங்கத்து வெள்ளைக்காரத் துரையிடம் கொடுப்பது அவர் வேலை. வாக்குமூலத் தாளை அவரே வகுத்திருந்தார். நடுவே ஒரு கோடு இறங்கும். இடப் பத்தியில் ஆள் செய்த செயல். வலப் பத்தியில் அந்தச் செயலைச் செய்த விதம். சாட்சி ‘அவன் அவசரமாக ஓடிவந்தான்’ என்றால் ‘ஓடிவந்தான்’ இடப்பக்கம் போகும், ‘அவசரமாக’ வலப்பக்கம் போகும். பள்ளிக்கூடத்தில் வினையுரிச்சொல் என்று படித்தது இதுதான். அருளப்பர் அதற்கு வைத்த பெயர் உண்ணி.

“மாடு வினை. அதுமேல ஒக்காந்திருக்கிறது உண்ணி. பிடுங்கி எடுத்தாலும் மாடு நிக்கும் பாருங்க. அவசரமாங்கிறதப் பிடுங்குங்க. ஓடிவந்தான்னு இருக்கில்ல? அப்ப அது உண்ணி.”

கேட்கச் சுலபம். முதல் வாரமே இடறினேன். ‘ஆக’ என்று முடிவதெல்லாம் வலப்பக்கம் என்று நினைத்து, ‘மேஸ்திரியாக இருந்தான்’ என்பதில் வந்த ‘மேஸ்திரியாக’வை அங்கே போட்டேன். அவர் கண்ணாடியைத் துடைத்தார். மேஸ்திரியாக என்பது அவன் எப்படி இருந்தான் என்று சொல்லவில்லை, யார் என்று சொல்கிறது. ‘தம்பிக்காக’ என்பது யாருக்கு என்று சொல்கிறது. இரண்டுக்கும் அங்கே இடமில்லை. அதே வாரம் ‘ஆக’ இல்லாத ‘மெல்ல’, ‘சட்டென்று’, ‘சும்மா’ மூன்றையும் இடப்பக்கத்திலேயே விட்டுவிட்டேன். அவை அசல் உண்ணிகள்.

‘முரட்டு ஆள்’ என்று சாட்சி சொன்னால் எந்தப் பத்தியிலும் எழுதக்கூடாது. அது பெயருக்கு முன்னால் நின்று ஆளைப் பற்றிப் பேசுகிறது. விபத்தன்று அவன் செய்ததைப் பற்றி அல்ல. ‘முரட்டுத்தனமாகத் தள்ளினான்’ என்றால் எழுத வேண்டும். தள்ளியதைத் தழுவிக்கொண்டு நிற்கிறது. ‘அவனுக்குக் கோபம்’ என்பதில் கோபம் ஒரு பொருளின் பெயர் மட்டும். ‘கோபமாகப் போனான்’ என்றால் உண்ணி. ‘கத்திக்கொண்டே போனான்’ என்றால் கத்தியதும் ஒரு செயல்தான், நாலு பேர் காதில் விழுந்திருக்கும்; அது இடப்பக்கம்.

‘நேற்று’, ‘மேலே’ இரண்டையும் அவர் இடப்பக்கத்திலேயே வைக்கச் சொன்னார். பள்ளி இலக்கணப்படி அவையும் வினையைத்தானே தழுவுகின்றன என்று கேட்டேன்.

“தழுவுது. நான் இல்லேங்கல. ஆனா நேத்துக்குக் கடிகாரம் சாட்சி சொல்லும், மேலேக்கு அடிக்கோல் சாட்சி சொல்லும். அந்த உண்ணி கடிக்காது. ஆளோட கண்ணத் தவிர வேற சாட்சி இல்லாத உண்ணிதான் கடிக்கும். அதத் தனியா பொறுக்கி வைங்க.”

பொறுக்கி வைத்ததோடு வேலை முடியாது. மறுநாள் காலை, ஷிஃப்டுக்கு முன்னால், சாட்சியைத் திரும்ப வரவழைத்துத் தாளை வாசித்துக் காட்ட வேண்டும். ஒரு தூக்கம் தூங்கி எழுந்த ஆளின் வாய் வேறு என்பார் அருளப்பர். வலப் பத்தியில் இருக்கும் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரே கேள்வி: “எதப் பாத்து அப்பிடிச் சொல்ற?” பதிலை அந்தச் சொல்லுக்குக் கீழே பொடி எழுத்தில் எழுதி, அதற்குப் பிறகுதான் கைநாட்டு. பதில் இல்லையென்றால் சொல்லைச் சிவப்பில் அடித்துவிட வேண்டும். இந்த முறையில் மூன்று வருடம் வேலை செய்தேன். யாருக்கும் கேடு வரவில்லை.

பிறகு குப்பன் செத்தான்.

நடந்தது இது. கீழே ஒரு லெவலின், அதாவது படுக்கைவாட்டில் போகும் சுரங்க வழியின், தரையில் அடுத்த லெவலுக்கு இறங்கும் குழி ஒன்று இருந்தது. எழுபது அடி ஆழம். அதன்மேல் மூன்று பலகை போட்டு ஆட்கள் நடந்துபோவார்கள். ஒரு திங்கட்கிழமை முற்பகலில், கூரைக்கு மரத்தூண் கட்டும் வேலைக்காரன் ஏழுமலை நடுப் பலகையை எடுத்துக்கொண்டு போனான். சற்று நேரத்தில் பாறையில் துளை போடும் கூலி குப்பன் தோளில் துரப்பணக் கம்பிகளோடு அந்த வழியாக வந்தான். அவன் கையில் இருந்த மெழுகுவர்த்தி அணைந்திருந்தது. விழுந்தான்.

அதற்கு முந்தின நாள் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் குழாயடியில் குடத்தை யார் முதலில் வைப்பது என்று இருவரின் மனைவிமாரும் சண்டை போட்டிருந்தார்கள். விலக்கப் போன புருஷன்மார் ஒருவரையொருவர் நெட்டித் தள்ளிக்கொண்டார்கள். தெருவே பார்த்தது.

ஏழுமலையை எனக்குத் தெரியும். நான் குடிவந்தபோது என் வீட்டுக் கதவுச் சட்டத்தைச் சரிசெய்தவன். “கதவு இனிமே ஒழுங்கா சாத்தும், அய்யா. பூட்ட மறந்தீங்கன்னா அதுக்கு நான் பொறுப்பில்ல,” என்று சிரித்துவிட்டுப் போனான். அகலமான உள்ளங்கை. அவ்வளவுதான் பழக்கம்.

அன்று அருளப்பர் காய்ச்சலில் படுத்திருந்தார். மேஸ்திரி நரசய்யாவும் ஐந்து கூலிகளும் சாட்சி சொல்ல வந்து அலுவலகத் தாழ்வாரத்தில் நின்றார்கள். நரசய்யா தெலுங்குக்காரர், கனத்த ஆள். நல்ல தமிழ் பேசுவார், நடுநடுவே தெலுங்கு விழும். அவர்தான் முதலில் உட்கார்ந்தார்.

“வாடு, அந்த ஏழுமல, தெரிஞ்சேதான் எடுத்தான், எழுத்தரய்யா. நேத்து சண்டை, இன்னிக்குப் பலகை. இதுல இன்னா இருக்கு யோசிக்கிறதுக்கு?”

‘எடுத்தான்’ இடப்பக்கம். ‘தெரிந்தே’ வலப்பக்கம்.

மற்ற ஐந்து பேரும் ஏறக்குறைய ஒன்றையே சொன்னார்கள். ஏழுமலை பலகையை எடுத்தான். போனான். அப்புறம் குப்பன் வந்தான். சத்தம் கேட்டது. ஐந்து பேரும் விதத்தைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. நானும் கேட்டுப் பார்த்தேன். மாரி என்ற கூலி, வாயாடி என்று பெயரெடுத்தவன், தலையைச் சொறிந்தான். “எப்பிடின்னா? குனிஞ்சான், தூக்குனான், போனான். பலக எடுக்கிறத வேற எப்பிடி எடுப்பாங்க?”

அவர்கள் போன பின் சுத்தப் பிரதி எழுத உட்கார்ந்தேன். முதல் தாள் நிறைந்தது. மற்ற ஐந்து தாள்களிலும் இடப் பத்தி நிறைந்து, வலப் பத்தி மேலிருந்து கீழ்வரை வெறும் வெள்ளையாக இருந்தது. போலீஸ் இன்ஸ்பெக்டர் துரையின் அறையில் வந்து உட்கார்ந்திருப்பதாகச் சேவகன் சொல்லிவிட்டுப் போனான். தாள்கள் உடனே வேண்டுமாம். நானே ஆங்கிலத்தில் மாற்றித் தர வேண்டுமாம். நாளைக் காலை வாசித்துக் காட்ட வேண்டியிருக்கிறதே என்றேன். அதைத் துரையிடம் சொல்லச் சேவகனுக்குத் துணிவில்லை. எனக்கும் இல்லை.

அந்த ஐந்து வெள்ளைப் பத்திகளையும் பார்த்தேன். அரைகுறை வேலை என்று துரை நினைப்பார். எட்டு வருடப் பழக்கம் என் கையில் இருந்தது. ஐந்திலும் ‘தெரிந்தே’ என்று எழுதினேன். மேஸ்திரி சொன்ன சொல்தானே. இப்போதைக்குச் செருகுவோம், காலையில் வாசிக்கும்போது ‘எதைப் பார்த்து’ என்று கேட்டு, இல்லையென்றால் அடித்துவிடலாம். ஆங்கிலத்திலும் அதற்கு நேரான சொல்லை ஐந்து முறை எழுதினேன். கை நடுங்கவில்லை. கையெழுத்து மிக அழகாக இருந்தது.

ஒரு மணி நேரத்தில் இரண்டு கான்ஸ்டபிள்கள் ஏழுமலையை அலுவலக முற்றம் வழியாக அழைத்துப் போனார்கள். வேலையிலிருந்து அப்படியே கொண்டுவந்திருந்தார்கள். முழங்காலில் ஈர மண் ஒட்டியிருந்தது. என் ஜன்னலுக்கு நேரே நின்றான்.

“அய்யா, ஆறு பேரும் ஒரே மாதிரி சொல்லிட்டாங்கன்றாங்க. மாரி கூடவா? நீங்க எழுதுனத எனக்கும் கொஞ்சம் படிச்சுக் காட்டுங்களேன்.”

கான்ஸ்டபிள் அவன் முதுகில் கைவைத்து நகர்த்தினார். அவனிடம் வாக்குமூலமே எடுக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

மறுநாள் காலை ஒருவரும் வாசித்துக் கேட்க வரவில்லை. ஆங்கிலப் பிரதி போலீஸிடம் போய்விட்டதால் அது தேவையில்லை என்று துரை சொல்லியிருந்தார். வந்தவர் நரசய்யா மட்டும். கதவருகே நின்றபடி பேசினார்.

“ஏமய்யா எழுத்தரே, ஆறும் ஒண்ணா வந்துச்சாமே. நல்ல கை உங்களுது. அருளப்பரு இருந்திருந்தா நூறு கேள்வி கேட்டுக் கொழப்பிருப்பாரு.”

அவர் போன பிறகுதான் அது எனக்கு உறுத்தியது. ஒரு ஆள் தன் கூட்டாளி செத்ததற்கு வருத்தப்படுவான், கோபப்படுவான். வாக்குமூலம் எல்லாம் ஒன்றாக வந்ததற்கு எதற்காக மகிழ வேண்டும்?

மத்தியானம் மாரி வந்தான். அவன் கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

“தெருவுல என்னைப் பாத்து ஏழுமல பொண்டாட்டி மண்ண வாரித் தூத்துறா. நான் அவனத் தெரிஞ்சே செஞ்சான்னு சொன்னேனாம். எப்பங்க சொன்னேன்? நான் சொன்னேனா, இல்ல உங்க பேனா சொல்லுச்சா?”

“நாளைக்குப் பாத்துக்கலாம்,” என்றேன்.

எனக்கு இருந்த பயங்களை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். வேலை போனால் வீடு போகும், வீடு கம்பெனியுடையது. மனைவிக்கு எட்டாம் மாதம். பொய் வாக்குமூலம் எழுதியவன் என்று என்னையே கொட்டடியில் போடலாம். லைன் வீட்டு ஆட்கள் என்னை வழியில் மறிக்கலாம். இத்தனைக்கும் அடியில் ஒன்று இருந்தது. நான் பேசாமல் இருந்தால் இவற்றில் ஒன்றும் நடக்காது. ஏழுமலைக்கு மட்டும் தூக்குக் கயிறு, அல்லது கடல் தாண்டித் தீவுச் சிறை. பேசாமல் இருப்பது எவ்வளவு சுலபம் என்பதுதான் என்னை அதிகம் பயமுறுத்தியது.

அன்று மாலையே அருளப்பர் வீட்டுக்குப் போனேன். கம்பளி போர்த்திச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கக் கைக்கு வலுவில்லை, மடியிலேயே வைத்துக்கொண்டார்.

“எத்தன?”

“அஞ்சுங்க.”

“ஆறாவது?”

“அது மேஸ்திரி தன் வாயால சொன்னது.”

“எதப் பாத்துச் சொன்னாருன்னு கேட்டீங்களா?”

“இல்லீங்க.”

“அப்ப ஆறு.”

அருளப்பர் கம்பளியை இழுத்துவிட்டுக்கொண்டார்.

“ஏழுமலயோட தாள் எங்க?”

“எடுக்கல.”

கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டார் என்று நினைத்தேன். பிறகு மூடிய கண்ணோடு சொன்னார்: “துரைகிட்ட நேரா போகாதீங்க. வெறும் கையோட போனா ஒங்கள வெரட்டுவாரு, தாளு அப்பிடியே இருக்கும். மொதல்ல கீழ போங்க. ஆறு பேரு எங்க நின்னாங்களோ அங்க நில்லுங்க. ஒரு ஆளப் பலக எடுக்கச் சொல்லிப் பாருங்க. கண்ணுக்குத் தெரிஞ்சத மட்டும் எழுதிட்டு வாங்க.”

மூன்று வருடம் சுரங்க அலுவலகத்தில் வேலை செய்தும் நான் கீழே இறங்கியதில்லை. இறங்கியவர்கள் சொன்னதை எழுதுபவன் நான்.

மறுநாள் காலை, சுரங்கத்துக்குள் இறக்கும் கூண்டான கேஜில் நின்றேன். என்னோடு மாரி. எங்களுக்கு முன்பே நரசய்யா ஏறி நின்றிருந்தார். அது அவருடைய ஷிஃப்ட். மணி அடித்தது. காலடித் தளம் திடீரென்று இல்லாமல் போனதுபோல் இருந்தது. கம்பியைப் பிடிக்கப் போனேன். “கைய உள்ள வைங்க, வெளிய நீட்டினா கை மட்டும் மேலயே நின்னுடும்,” என்றான் மாரி. கேஜில் இருந்தவர்கள் சிரித்தார்கள். என் பற்கள் ஒன்றோடொன்று அடித்துக்கொண்டன. காது அடைத்தது. வெளிச்சம் தலைக்கு மேல் ஒரு காசளவு ஆகி, இல்லாமல் ஆனது.

கீழே நான் எதிர்பார்க்காதது சூடு. சுவர் வியர்த்தது. ஆளுக்கொரு மெழுகுவர்த்தி, களிமண் உருண்டையில் செருகியது. அதைப் பாறையில் அப்பினால் நிற்கும். சிரிப்பெல்லாம் மேலேயே தங்கிவிட்டது. குழியருகே போனோம். இப்போது நாலு பலகை போட்டிருந்தார்கள். இடுக்கு வழியாகக் கீழிருந்து காற்று வந்து என் வேட்டியை அசைத்தது. எழுபது அடி என்று தாளில் எழுதியிருந்தேன். எழுதும்போது அது இரண்டு சொல்.

கூலிகள் நின்ற இடத்தை மாரி காட்டினான். பலகை மேல் நடந்து குழியைத் தாண்டி இருபத்திரண்டு தப்படி. அங்கே நின்றுகொண்டு, மாரியைப் பலகை எடுக்கச் சொன்னேன். அவன் மெழுகுவர்த்தியைச் சுவரில் அப்பிவிட்டுக் குனிந்தான். முதுகு தெரிந்தது. கை தெரிந்தது. பலகை எழுந்தது தெரிந்தது. வெளிச்சம் அவனுக்குப் பின்னால் இருந்ததால் முகம் வெறும் கருப்பு. தாளில் இடப் பத்தியில் எழுதினேன்: குனிந்தான், எடுத்தான், நடந்தான். வலப் பத்திக்கு என்ன எழுதுவது என்று பார்த்தேன். மாரி அவசரமாக எடுத்தானா, பயந்தபடி எடுத்தானா, மனசில் எதையாவது வைத்துக்கொண்டு எடுத்தானா, எனக்குத் தெரியவில்லை.

“மேஸ்திரி எங்க நின்னாரு?” என்று கேட்டேன்.

மாரி என் தோளுக்கு மேலாகப் பார்த்தான். என் பின்னாலிருந்து நரசய்யாவின் குரல் வந்தது. “அதோ, அந்த வளைவுல.” வளைவுக்குப் போய் நின்று பார்த்தேன். அங்கிருந்து குழியே தெரியவில்லை, பாறை மறைத்தது. அதையும் எழுதினேன். திரும்பி வர நான் மறுபடி பலகை மேல் நடக்க வேண்டியிருந்தது. நடுவில் ஒன்று இல்லை. மாரி அதை இன்னும் கையில் வைத்திருந்தான். நரசய்யா எனக்கு நேர்ப் பின்னால் வந்தார். அவர் மூச்சு என் பிடரியில் பட்டது.

“பாத்து, எழுத்தரே. பலக வழுக்கும். இங்க விழுறவன் எப்பிடி விழுந்தான்னு யாருக்குத் தெரியப்போவுது?”

என் கால் நகரவில்லை. மாரி கையிலிருந்த பலகையைச் சட்டென்று என் முன்னால் போட்டான். அந்தச் சத்தம் கேட்டுத்தான் கால் நகர்ந்தது.

மேலே ஏறும்போது கேஜில் நாங்கள் இருவர் மட்டும். என் தாளைப் பிடித்துக்கொண்டு மாரியிடம் சொன்னேன்: “உன் தாள்ல இருக்கிற அந்தச் சொல் நீ சொன்னதில்ல. நான் எழுதுனது. உன்னோடது மட்டும் இல்ல, அஞ்சும். துரைகிட்ட சொல்லப் போறேன்.”

அவன் என்னைப் பார்க்காமல் கம்பியைப் பார்த்தான். கேஜ் குலுங்கியது.

“ஏழுமல தானா பலகய எடுக்கல,” என்றான். “உள்ளாற ஒரு மரத்தூண் பொளந்துட்டுது. கூர எறங்குது, பலகய எடு, கொண்டாந்து முட்டுக் குடுன்னு மேஸ்திரிதான் கத்துனாரு. குழிகிட்ட நான் ஆள நிறுத்துறேன் நீ போன்னாரு. ஆள நிறுத்தல. அத நாங்க அஞ்சு பேரும் கேட்டோம்.”

“ஏன் அன்னைக்கே சொல்லல?”

“அவரு தாழ்வாரத்துல நின்னுக்கிட்டிருந்தாரே. எனக்கும் நாளைக்குக் கீழ போவணும் இல்ல?”

துரையின் அறைக்கு நான் போனபோது அருளப்பரும் வந்தார். காய்ச்சல் முழுக்க விடவில்லை. என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தார். துரையின் மேசையில் ஆறு தாளும் இருந்தன. ஐந்து சொற்களையும் விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டு, இது சாட்சி சொன்னதல்ல, நான் எழுதியது என்று ஐந்து தடவை சொன்னேன். ஒரே வாக்கியத்தில் சொல்லியிருக்கலாம். ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும் என்று வழியிலேயே அருளப்பர் சொல்லியிருந்தார். துரையின் முகம் கழுத்திலிருந்து சிவந்தது. ஏன் எழுதினாய் என்று கேட்டார்.

“இடம் வெள்ளையாக இருந்தது, துரை.”

அதைவிட உண்மையான பதில் என்னிடம் இல்லை. அவர் அதை நம்பவில்லை என்றே நினைக்கிறேன். என்னை அன்றே அனுப்பிவிடுவதாகச் சொன்னார். வாக்குமூலங்களைத் திரும்ப எடுத்து முடியட்டும் என்று அருளப்பர் கேட்டுக்கொண்டார். அது முடிந்த பின் அனுப்பும் பேச்சை யாரும் எடுக்கவில்லை. ஒரு வருடம் சுத்தப் பிரதி எழுதும் வேலை எனக்குத் தரப்படவில்லை; மைக்கூடு நிரப்பினேன்.

இரண்டாம் முறை வாக்குமூலம் எடுத்தது அருளப்பர். சாட்சிகளைத் தனித்தனியாக, கதவைச் சாத்திக்கொண்டு விசாரித்தார். முதலில் மாரி பேசினான். பிறகு நாலு பேரும். போலீஸ் காவலில் கொண்டுவந்து உட்காரவைத்த ஏழுமலையின் தாளும் அன்றுதான் எழுதப்பட்டது. கடைசியில் மேஸ்திரி. ‘தெரிந்தே’ என்ற அவருடைய சொல்லை வாசித்துவிட்டு, “எதப் பாத்துச் சொன்னீங்க?” என்று அருளப்பர் கேட்டார்.

“அவன் முகத்தப் பாத்தேன்.”

வளைவிலிருந்து குழி தெரியாது என்று நான் எழுதிய தாளை அருளப்பர் மேசையின் நடுவே வைத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். வெகுநேரம் துடைத்தார். நரசய்யா ஜன்னலைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சிவப்பு மையில் அந்தச் சொல் அடிபட்டது.

ஏழுமலை பதினோராம் நாள் வெளியே வந்தான். வந்தவன் சுரங்கத்துக்குத் திரும்பவில்லை. பெண்டாட்டியோடு ஊரிகத்தில் ரயிலேறிப் போய்விட்டான். போகும்போது என் வீட்டு வழியாகத்தான் போனான். கதவு திறந்திருந்தது. அவன் நிற்கவில்லை. நரசய்யாவை வேறு ஷாஃப்டுக்கு மாற்றினார்கள், அவ்வளவுதான். பல மாதம் அவர் ஷிஃப்ட் முடிந்து போகும்போதெல்லாம் என் வாசலில் ஒரு நிமிடம் நின்று, “நல்லா இருக்கீங்களா எழுத்தரே? வீட்டுல கொழந்த நல்லா கீதா?” என்று கேட்பார். மரியாதையான கேள்விதான். அந்த நேரம் வந்தால் என் மனைவி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விடுவாள்.

இன்னும் ஒன்று இருக்கிறது. வழக்கு முடிந்த வாரம் குப்பனின் மனைவி அஞ்சலை அலுவலகத்துக்கு வந்தாள். இறப்புத் தாளில் கைநாட்டு வைக்க வேண்டியிருந்தது. அருளப்பர் வாசித்தார்: பலகை எடுக்கப்பட்டிருந்தது, விளக்கு அணைந்திருந்தது, குப்பன் விழுந்தான், இறந்தான். வலப் பத்தியில் ஒன்றும் இல்லை.

அவள் மை தடவிய கட்டைவிரலைத் தூக்கிப் பிடித்தபடி நின்றாள்.

“மொதல்ல ஏழுமல கொன்னான்னு சொன்னீங்க. அவன் இல்லேன்னுட்டீங்க. மேஸ்திரியையும் ஒண்ணும் பண்ணல. அப்ப எம் புருசன் எப்பிடித்தான் செத்தாரு? சும்மா செத்தாரா?”

அருளப்பர் என்னைப் பார்த்தார். நான் பேனாவைப் பார்த்தேன். அவளுக்கு ஒரு சொல் வேண்டும். எனக்குப் பத்துச் சொல் தெரியும். அநியாயமாக, வீணாக, பரிதாபமாக. அதில் ஒன்றை எழுதினால் அவள் கொஞ்சம் அழுதுவிட்டு வீட்டுக்குப் போவாள். எதைப் பார்த்து என்று அவள் கேட்கமாட்டாள்.

“எனக்குத் தெரியலம்மா,” என்றேன்.

தாளை அருளப்பர் கையிலிருந்து பிடுங்கி, அந்த வெள்ளைப் பத்தியின் நடுவிலேயே கட்டைவிரலை அழுத்திவிட்டுப் போனாள். கைநாட்டு வைக்க வேண்டிய இடம் அதுவல்ல. நாங்கள் வேறு தாள் எழுதவில்லை.

நேற்று ப்ரூஃபைத் திருத்தி முடித்தேன். படிவத்தின் கடைசி வரியில் இருந்த நாலு சொற்களையும் அடித்திருக்கிறேன். அச்சுக்கூடத்தாரை எனக்குத் தெரியும். வெள்ளை விழுந்திருக்கிறதே என்று எதையாவது எடுத்துச் செருகிவிடுவார்கள். அதனால் ஓரத்தில் சிவப்பு மையில், என் கண்ணுக்கே தெரிகிற அளவு பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறேன்: ‘பிழையல்ல. இந்த இடம் காலியாக இருக்க வேண்டும்.’ எழுத்தர் நாளை வந்து வாங்கிக்கொள்வார். அவர் அதை அப்படியே கொண்டுபோய்ச் சேர்ப்பாரா என்பது எனக்குத் தெரியாது.